மருந்துக் கொட்டடியில் காணாமல்போன ஆறு அடி

எங்கள் வரைபடப் பிரிவில் சாய்மேசைகளை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன மாதம் ஒருநாள் பழைய ஆபீஸ் பக்கம் போயிருந்தேன். அங்கே வேலை பார்க்கும் இளம்பெண்கள் மூன்று பேர் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, "மேடம், நீங்க வரைஞ்சதுலயே உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச டிராயிங் எது?" என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரி, பாலம் என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் யோசிக்கவே இல்லை. "போலாரத்துல ஒரு மளிகைக் கடை" என்றேன். சிரித்தார்கள். கதையில் பாதி சொல்வதற்குள் என் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அந்தப் பாதியையும் மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். அரக்கோணத்திலிருந்து தெலுங்குச் சீமைக்கு வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் மெட்டுகுடா குவார்ட்டர்ஸில். பள்ளி முடித்ததும் இரண்டு வருஷம் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு. ராணுவப் பகுதிகளின் கட்டடங்களைப் பராமரிக்கும் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. வரைபடப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். முதல் நான்கு வருஷம் டிரேசிங் வேலை. மற்றவர்கள் பென்சிலில் வரைந்ததன்மேல் மெழுகுத் துணியை விரித்து, மையால் இழுக்க வேண்டும். வெளியே போய்க் கட்டடத்தை அளப்பதெல்லாம் ஆண்களின் வேலை என்று வைத்திருந்தார்கள்.

எங்கள் தலைமை வரைவாளர் நரசிம்ம ராவ். மெலிந்த மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் நான்கு பென்சில். ஒவ்வொன்றையும் பிளேடால் ஊசி மாதிரி சீவி வைத்திருப்பார். மதராஸில் சில வருஷம் வேலை பார்த்ததால் தமிழ் பேசுவார். ஆனால் அவர் எந்த மொழியிலும் அதிகம் பேசியதை நான் கேட்டதில்லை. நாம் கொண்டுபோய் வைக்கும் டிராயிங்கை ஒரு மணி நேரம் பார்ப்பார். தவறு இருந்தால் அந்த இடத்தில் மெல்லியதாக ஒரு புள்ளி வைத்து, மேசை ஓரத்தில் திருப்பி வைத்துவிடுவார். என்ன தவறு என்று சொல்ல மாட்டார். போய்க் கேட்டால், "புள்ளி இருக்கே" என்பார். ஒருமுறை ஒரு சமையலறையின் நடுவே புள்ளி வைத்திருந்தார். மத்தியானம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம்தான் புரிந்தது: கதவு திறந்தால் அடுப்பில் இடிக்கும்படி வரைந்திருந்தேன். அன்று அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

எழுபதுகளின் நடுவில், மழைக்காலம் முடிந்த சமயம், போலாரத்தில் ஒரு பழைய கடைக் கட்டடத்தை இடிக்க உத்தரவு வந்தது. கிழக்குச் சுவரில் மேலிருந்து கீழாக விரிசல். சுவர் தலைப்பகுதியில் நான்கு அங்குலம் வெளியே சாய்ந்திருந்தது. உதவிப் பொறியாளர் சக்சேனா போய்ப் பார்த்து, அபாயகரமானது என்று எழுதிவிட்டார். எங்கள் நடைமுறைப்படி எந்தக் கட்டடத்தையும் இடிப்பதற்கு முன்னால் அதன் வரைபடம் ஆவண அறையில் இருக்க வேண்டும். அந்தக் கடைக்கு வரைபடமே இல்லை. அளக்கப் போக வேண்டியவருக்கு மலேரியா. நரசிம்ம ராவ் பிரிவை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "வசந்தா, நீ போ. யாதகிரி டேப் பிடிப்பான்" என்றார்.  அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மறந்துவிட்டேன்.

யாதகிரி எங்கள் ஆபீஸில் டேப் பிடிப்பவர். நாற்பது வயதைத் தாண்டியவர், தெலுங்கு தவிர வேறு பேச மாட்டார். நாங்கள் இருவரும் பஸ்ஸில் போய் இறங்கினோம். பழைய பங்களாக்களைத் தாண்டி, நான்கு தெருக்கள் கூடும் இடத்தில் அந்தக் கடை இருந்தது. குட்டையான, அகலமான செங்கல் கட்டடம். வளைந்த கூரை, ஜன்னலே கிடையாது. சுவரில் அங்கங்கே தபால்பெட்டி வாய் அளவுக்கு நீளத் துவாரங்கள். கடைக்காரர் கோதண்டம் ஐம்பது வயதுக்காரர். அவருடைய தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு வந்த குடும்பம். அந்தத் தெருக்களில் பாதிக் குடும்பங்கள் அவரிடம்தான் அரிசி பருப்பு வாங்கின.

ஒரு விஷயம் எனக்கு முதலிலேயே வேடிக்கையாக இருந்தது. மளிகைக் கடையை அங்கே தமிழர்கள் எல்லோரும் மருந்துக் கொட்டடி என்றார்கள். தெலுங்குக்காரர்கள் 'மந்து கொட்டு' என்றார்கள். அதுவும் மருந்துக் கடைதான். புதிதாகக் குடிவந்தவர்கள் தலைவலி மாத்திரை கேட்டு வருவார்களாம்.

"ஏன் அண்ணே அந்தப் பேரு?" என்று கேட்டேன்.

"யாருக்கும்மா தெரியும்? முன்னே இங்கே ஆஸ்பத்திரி இருந்திச்சுன்னு எங்கப்பா சொல்வாரு. இப்போ பேரா முக்கியம்? மாசக் கடைசிக்குள்ளே காலி பண்ணுன்னு காயிதம் வந்திருக்கு. போவன்பள்ளி வரைக்கும் போய் இடம் பாத்துட்டேன். கிடைக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே சொன்னார். ஆனால் தராசு முள் நின்ற பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கட்டடத்தை அளப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் சுற்றிவந்து கண்ணால் பார்த்தே கோட்டுப்படம் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு வெளிப்புறம்: ஒரு மூலையில் டேப்பின் வளையத்தைப் பிடித்தால், அடுத்த மூலை வரை எடுக்காமல் படிக்க வேண்டும். பிறகு உள்ளே நீளம், அகலம், மூலைக்கு மூலை. கதவு நிலையில் சுவரின் கனம். கடைசியில் கூட்டிப் பார்ப்பது. உள்ளளவோடு இரண்டு சுவரின் கனத்தைச் சேர்த்தால் வெளியளவு வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பொய் இருக்கிறது.

வெளியே அகலம் முப்பத்தாறு அடி. முன்வாசலில் சுவரின் கனம் மூன்றடி. அப்படியென்றால் உள்ளே முப்பதடி இருக்க வேண்டும். ஆனால் இருபத்து நான்கடிதான் இருந்தது. மூட்டைகளுக்கும் அலமாரிகளுக்கும் நடுவே டேப் வளைந்துவிட்டதோ என்று நினைத்தேன். யாதகிரி மூட்டைமேல் ஏறி நின்று பிடித்தார். அப்போதும் இருபத்து நான்குதான். ஆறு அடியைக் காணவில்லை.

மறுநாள் என் கோட்டுப்படம் திரும்பி வந்தது. கிழக்குச் சுவரின்மேல் ஒரு புள்ளி, மேற்குச் சுவரின்மேல் ஒரு புள்ளி. என் முதல் வெளிவேலையிலேயே இரண்டு புள்ளி. மறுபடி போலாரம் போனேன். அதே அளவுதான். மூன்றாவது நாள் நானே அவர் மேசைக்குப் போனேன்.

"சார், நான் சரியாத்தான் அளந்தேன்."

"துணி டேப். நனைஞ்சா சுருங்கும்."

"ஆறடியா சார் சுருங்கும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிரிவில் எல்லோரும் வரைவதை நிறுத்திவிட்டார்கள். "அந்தக் காலத்துக் கட்டடம். பக்கச் சுவர் ஆறடி கனமா இருக்கும். அப்படியே நிரப்பி வரைஞ்சு கொடு. எப்படியும் இடிக்கப் போறது" என்றார்.

"முன் சுவர் மூணடி, பக்கச் சுவர் மட்டும் ஏன் சார் ஆறடி? இன்னும் ஒரு நாள் கொடுங்க."

அவர் இழுப்பறையைத் திறந்து, தன் சொந்த எஃகு டேப்பை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தார். நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று கோதண்டத்திடம், கிழக்குப் பக்க அலமாரியை மட்டும் நகர்த்த வேண்டும் என்றேன். "கைக்கு ம்மா, எதுக்கு? இடிக்கப்போற செவுத்தை எத்தனை வாட்டிதான் அளப்பீங்க?" என்றார். ஆனாலும் இரண்டு வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு நகர்த்தினார். அலமாரிக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், அதே மாதிரி ஒரு நீளத் துவாரம். வெளிச்சம் துளிகூட வரவில்லை.

"அது கெட்ட பொந்து. உள்ளே போட்டது எதுவும் திரும்பி வராது. எங்கப்பாவோட பொடி டப்பா அதுக்குள்ளேதான் விழுந்து போச்சு. அந்த டப்பாவுக்காகச் சாகற வரைக்கும் எங்களைத் திட்டினாரு" என்றார் கோதண்டம்.

ஒட்டடைக் கம்பை வாங்கித் துவாரத்தில் விட்டேன். இரண்டடி வரை சுவரில் உரசிக்கொண்டு போனது. பிறகு உரசல் நின்றுவிட்டது. கம்பு காற்றில் ஆடியது. இன்னும் இரண்டடி தள்ளினேன். டக்கென்று எதன்மேலோ இடித்தது. நான் கம்பை இழுத்து விரலால் அடையாளம் வைத்து அளந்தேன். இரண்டடி சுவர், இரண்டடி வெறுமை, அதற்கப்பால் இன்னொரு சுவர், அதுவும் இரண்டடி இருக்கும். இரண்டும் இரண்டும் இரண்டும் ஆறு. இரு பக்கமும் பன்னிரண்டு. இருபத்து நான்கோடு பன்னிரண்டைச் சேர்த்தால் முப்பத்தாறு. அளவுப் புத்தகத்தில் அதை எழுதும்போது என் எழுத்து எனக்கே புரியாத மாதிரி கிறுக்கலாக வந்தது.

"அண்ணே, உங்க கடைக்கு ரெண்டு சுவர் இருக்கு. ஒண்ணுக்குள்ளே ஒண்ணு."

"ஹவ்? அப்படியா?" என்று வாய் பிளந்தார்.

அந்த வெறுமை எதுவரை போகிறது என்று பார்க்க வேண்டும். கோதண்டமே வழி சொன்னார். கடையில் சாம்பிராணி மூட்டை இருந்தது. தூபக்காலில் தணல் போட்டு, சாம்பிராணியை அள்ளிப் போட்டு, துவாரத்தின் வாயில் வைத்து முறத்தால் விசிறினார். புகையைச் சுவர் மடமடவென்று குடித்தது. நான் வெளியே ஓடினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கிழக்குச் சுவரின் ஒரு துவாரத்தில் ஒரு இழை. அடுத்ததில் ஒன்று. வடக்கே ஓடினேன், அங்கேயும் வந்தது. மேற்கே ஓடினேன், அங்கேயும். மூன்று பக்கமும் கட்டடம் மெதுவாகப் புகைவிட ஆரம்பித்தது. தெருவில் போனவர்கள் கடை பற்றிக்கொண்டது என்று நினைத்துக் குடத்தோடு ஓடிவந்தார்கள். ஒரு பெண் வெளிச்சுவரில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றியே விட்டாள். நான் நடுத்தெருவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததாக ஞாபகம் இல்லை.

யாதகிரி மட்டும் சிரிக்கவில்லை. வெளித்துவாரத்தையும் உள்துவாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் நேருக்கு நேர் இல்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே, தள்ளித் தள்ளி இருந்தன. அவருடைய அண்ணன் கல்குவாரியில் வேலை பார்ப்பவர்.

"அம்மா, குவாரியில வெடி வைக்கிற அறை இப்படித்தான் இருக்கும்" என்று தெலுங்கில் சொன்னார். "காத்து மட்டும் வளைஞ்சு உள்ளே போகணும். நெருப்புப் பொறி நேராப் போகக் கூடாது. மந்து கொட்டுன்னா மாத்திரை மருந்து இல்லேம்மா. துப்பாக்கி மருந்து."

நான் திரும்பிப் பார்த்தேன். உள்ளே கோதண்டம் தணலை இன்னும் வேகமாக விசிறிக்கொண்டிருந்தார். "அண்ணே, நக்கோ, வேணாம், எடுத்துடுங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

ஆபீஸுக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னபோது நரசிம்ம ராவின் கையில் இருந்த பென்சில் அப்படியே நின்றது. "வெடிமருந்துக் கிடங்கில் நெருப்பு வெச்சியா?" என்றார். "தெரியாம வெச்சோம் சார்" என்றேன். 

ஆவண அறைக்கு ஓடினேன். முன்பு நான் அந்தக் கட்டடத்தைக் கடைகளின் பட்டியலில் தேடியிருந்தேன். இப்போது கிடங்குகளின் பழைய பதிவேட்டை எடுத்தேன். ஆங்கிலேயர் காலத்துச் சாய்வெழுத்து, வருஷம் எழுதியிருந்த மூலையைப் பூச்சி தின்றிருந்தது. ஆனால் அந்த வரி முழுதாக இருந்தது. பட்டாளத்தின் வெடிமருந்துக் கிடங்கு, வளைவுக் கூரை, மூன்று பக்கம் இரட்டைச் சுவர், நடுவே ஈரம் தங்காமலிருக்கக் காற்றுப்பாதை, பாதைக்கு வடபுறம் ஒரு சிறு கதவு. கீழே வேறு வேறு கையெழுத்துகளில் பிற்பாடு நடந்தது. மருந்து வேறிடத்துக்குப் போனது, குதிரைகளுக்குப் புல் அடைத்து வைத்தது, சிறு கதவைச் செங்கல் வைத்து மூடியது, கடைசியில் பட்டாளத்துக் குடும்பங்களுக்குச் சாமான் விற்க ஒருவருக்கு வாடகைக்கு விட்டது. வாடகைக்கு எடுத்தவர் பெயரைப் படித்தேன். கோதண்டத்தின் தாத்தா. ஆஸ்பத்திரி அங்கே ஒருநாளும் இருந்ததில்லை.

இனிமேல்தான் சிக்கல். விரிசல் வெளிச்சுவரில் இருக்கிறது. கூரையைத் தாங்குவது உள்சுவர். உள்சுவர் நன்றாக இருந்தால் கட்டடத்தை ஏன் இடிக்க வேண்டும்? நரசிம்ம ராவுக்கு இது என்னைவிட முன்பே புரிந்திருக்கும். ஆனால் பொறியாளர் கையெழுத்துப் போட்ட அறிக்கைக்கு எதிராக அவர் எதையும் அனுப்பியதில்லை. கடை ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நான் சொன்னா நான் அவர் தப்பைக் காட்டுற மாதிரி ஆகும். நீ அளந்தவ. நீ போய் அளவைச் சொல்லு" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. இன்று நினைத்தால், அவருக்கு முடிந்த அதிகபட்சம் அதுதான் என்று தோன்றுகிறது.

சக்சேனா கெட்டவர் இல்லை. முன்பு வேறு ஊரில் அவர் பொறுப்பில் இருந்த ஒரு சுவர் விழுந்து, காவல்காரர் ஒருவரின் கால் போய்விட்டது. அதன் பிறகு சாய்ந்த சுவரைப் பார்த்தால் அவருக்குத் தூக்கம் வராது என்பார்கள். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். இந்தியில் கேள்விகள் கேட்டார்.

"உள்சுவரை நீ பார்த்தாயா?"

"கடைப் பக்கம் பார்த்தேன் சார். விரிசல் இல்லை."

"அதன் முதுகுப் பக்கம்?"

"பார்க்கலை."

"பார்க்காத சுவரை நம்பி நாற்பது குடும்பம் வந்துபோகிற கடையைத் திறந்து வைக்கச் சொல்கிறாய்."

"உள்ளே போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன் சார்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.

வடக்குச் சுவரில் மூடிய கதவின் செங்கல்லை எடுத்தார்கள். முதலில் ராணுவத்திலிருந்து ஒரு ஹவில்தார் வந்து பாதையின் இரு பக்கமும் டார்ச் அடித்துப் பார்த்து, மண்ணைக் கிளறி முகர்ந்து, மருந்து எதுவும் இல்லை, வௌவால் எச்சம்தான் என்று எழுதிக் கொடுத்தார். பிறகு நான். அன்று என் தம்பியின் பேண்ட்டையும் சட்டையையும் போட்டுக்கொண்டு போயிருந்தேன். மெட்டுகுடாவில் பஸ் ஏறியதிலிருந்து எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். சக்சேனா பருத்த மனிதர், இரண்டடி இடைவெளியில் அவரால் திரும்பக்கூட முடியாது. யாதகிரி என் இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். "ரெண்டு தடவை இழுத்தா நான் வெளியே இழுத்துடுவேன்" என்றார்.

உள்ளே குளுமையாக இருந்தது. பக்கவாட்டில் நடந்தேன். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் எஃகு டேப். இடப்பக்கம் வெளிச்சுவர், வலப்பக்கம் உள்சுவர். மழையும் வெயிலும் படாத அந்த உள்சுவரின் பூச்சு நேற்று முடித்த மாதிரி இருந்தது. கரண்டி இழுத்த தடம்கூடத் தெரிந்தது. துவாரச் சட்டங்களில் அடித்த ஆணிகள் பச்சையாக இருந்தன, செப்பு ஆணிகள். இரும்பு உரசினால் பொறி வரும் என்று செம்பு அடித்திருக்கிறார்கள். கிழக்கு மூலையில் திரும்பியதும், ஒரு துவாரத்துக்குக் கீழே என் கால் எதிலோ பட்டது. குனிந்து எடுத்தேன். மூக்குப்பொடி டப்பா. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலே நடந்தேன்.

நாலடி போனதும் டார்ச் வெளிச்சத்தில் ஏதோ குறுக்கே கிடந்தது. பாம்பு என்று நினைத்துக் கயிற்றைப் பிடித்தேன். இழுக்கவில்லை. இன்னொருமுறை வெளிச்சம் அடித்தேன். வேர். என் தொடை கனத்துக்கு, கூரை விளிம்பிலிருந்து இறங்கி, வெளிச்சுவரின் உள்பக்கம் புகுந்திருந்த அரச மரத்து வேர். கூரைமேல் முளைத்த செடியை ஒவ்வொரு வருஷமும் யாரோ வெட்டியிருக்கிறார்கள், வேர் உள்ளே வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அதுதான் வெளிச்சுவரைத் தள்ளிப் பிளந்திருந்தது. உள்சுவரில் ஒரு கிளைகூடத் தொடவில்லை.

வேரின்மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு சுவருக்கும் நடுவே அளந்தேன். கீழே இரண்டடி. இடுப்பு உயரத்தில் இரண்டடி ஒன்றரை அங்குலம். மேலே, கை எட்டிய உச்சியில், இரண்டடி நான்கு அங்குலம். சத்தமாகக் கத்தி அளவைச் சொன்னேன், வெளியே யாதகிரி திருப்பிச் சொல்ல, யாரோ எழுதினார்கள். எழுதியது சக்சேனா என்று பிறகுதான் தெரிந்தது.

நான் புழுதியும் எச்சமுமாக வெளியே வந்தபோது அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சுவர் உச்சியில் நான்கு அங்குலம் வெளியே சாய்ந்திருக்கிறது என்று அளந்தவர் அவர்தான். இடைவெளி அதே இடத்தில் நான்கு அங்குலம் கூடியிருக்கிறது. அப்படியென்றால் உள்சுவர் அசையவே இல்லை.  அவரே இரண்டு தரம் கணக்குப் போட்டார்.

கோதண்டத்திடம் டப்பாவைக் கொடுத்தேன். துடைத்தார், திறக்க முயன்றார், துருப்பிடித்து மூடி ஒட்டிக்கொண்டிருந்தது. "நான் எடுத்து ஒளிச்சு வெச்சேன்னு சொல்லி எங்கப்பா என்னை அடிச்சிருக்காரும்மா" என்றார். டப்பாவோடு உள்ளே போய்விட்டார்.

சக்சேனா ஒரு நிபந்தனை போட்டார். வேரை வெட்டி, சாய்ந்த வெளிச்சுவரை மட்டும் இறக்குவது. உள்சுவர் வெளிச்சத்துக்கு வந்ததும் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பது. அரை அங்குலத்துக்குமேல் சாய்வு இருந்தால் முழுக் கட்டடமும் போகும். கோதண்டம் சாமான்களை எதிர்வீட்டுத் தாழ்வாரத்துக்கு மாற்றினார். வெளிச்சுவரை மேலிருந்து வரிசை வரிசையாக இறக்க ஐந்து நாளாயிற்று. கொத்தனார்கள் ஒவ்வொரு செங்கல்லாகத் தட்டி எடுத்து அடுக்கினார்கள், அதே செங்கல்லை வைத்துத் திரும்பக் கட்டலாம் என்று.

ஆறாம் நாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது தெருவே கூடியிருந்தது. உள்சுவர் முதன்முதலாக வெயிலில் நின்றது. வெள்ளைக் காரை கண்ணைக் கூசவைத்தது. சக்சேனா ஏணியில் தானே ஏறினார். உச்சியில் ஒரு கட்டையை வைத்து, சுவரிலிருந்து சரியாக இரண்டு அங்குலம் தள்ளி நூலைத் தொங்கவிட்டார். குண்டு காற்றில் ஆடியது. நிற்கவே இல்லை. யாதகிரி ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து, குண்டு அதில் முங்கும்படி வைத்தார். ஆட்டம் குறைந்தது. நின்றது.  கோதண்டம் தோள்துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

சக்சேனா இறங்கி வந்து, மண்டியிட்டு, அடிச்சுவருக்கும் நூலுக்கும் நடுவே தன் அளவுகோலை வைத்தார். பிறகு எழுந்து அதை என்னிடம் கொடுத்தார். "நீ படி" என்றார்.

மண்டியிட்டேன். இரண்டு அங்குலம். அதற்குமேல் ஒரு நூல். கொத்தனார் கணக்கில் எட்டு நூல் ஒரு அங்குலம்.

"ரெண்டு அங்குலம் ஒரு நூல் சார்."

அவர் தலையசைத்தார். "இவ்வளவு நேரான சுவரை என் ஆட்களே இப்போது கட்ட மாட்டார்கள்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, தன் பழைய அறிக்கையைப் பையிலிருந்து எடுத்து, இடிக்க வேண்டும் என்ற வரியை அங்கேயே அடித்துக் கையெழுத்திட்டார். கூட்டத்துக்கு இந்தி புரிந்ததோ இல்லையோ, அடித்தது புரிந்தது. யாரோ கைதட்டினார்கள். கோதண்டம் ஒரு டின் பிஸ்கட்டைத் திறந்து எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார், சக்சேனாவுக்கும்.

அன்று என்னை யாரும் போகவிடவில்லை. அந்த இரண்டடிப் பாதையைப் பார்க்க வேண்டும் என்று வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவரும் என்ன இது, யார் கட்டினது, உள்ளே எப்படிப் போனே என்று கேட்டார்கள். பாட்டிகளுக்குத் தமிழில் சொன்னேன், அவர்களுடைய பேத்திகளுக்குத் தெலுங்கில், பட்டாளத்து வீட்டுப் பெண்களுக்கு இந்தியில். வீட்டில் நான்கு பேர் எதிரே வாய் திறக்காதவள் நான். அன்று எத்தனை தரம் சொன்னேன் என்று கணக்கில்லை, ஒவ்வொரு தரமும் வேர் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது. சாயங்காலம் பஸ் ஏறும்போது தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது.

மறுநாள் காலை என் மேசையில் புதிய டிரேசிங் துணியை விரித்து, நான்கு மூலையிலும் ஊசி குத்திக்கொண்டிருந்தேன். நரசிம்ம ராவ் தன் இருக்கையிலிருந்து எழுந்து வந்தார். அத்தனை வருஷத்தில் அவர் எவர் மேசைக்கும் போய் நான் பார்த்ததில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 

"உள்ளே எப்படி இருந்தது?" என்றார்.

சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டு, தன் பையிலிருந்து ஒரு பென்சிலை உருவி என்னிடம் நீட்டினார். நான் ஒரு பழைய தாளைத் திருப்பிப்போட்டு, செங்கல் மூடியிருந்த அந்தச் சிறு கதவிலிருந்து வரைய ஆரம்பித்தேன்.